நைட் ஷிஃப்டும் நேரங்கெட்ட வேலையும்: தூக்கத்தைக் காப்பாற்ற மணி வாரியாக ஒரு வழிகாட்டி

நைட் ஷிஃப்டில் முதலில் கெடுவது பகல் தூக்கம்தான். காலை எட்டு மணிக்கு அடித்துப்போட்ட மாதிரி படுத்தவர், பன்னிரண்டு மணிக்கெல்லாம் விழித்துக்கொள்வார். அதன்பிறகு எவ்வளவு புரண்டாலும் கண் மூடாது. நாலு மணி நேரத் தூக்கத்தோடு அடுத்த இரவுக்குப் போவார். மூன்றாவது இரவுக்குள் தூக்கக் கடன் தலைக்கு மேல் ஏறியிருக்கும். மனவுறுதி குறைந்ததால் இப்படி ஆவதில்லை. "போகப் போகப் பழகிவிடும்" என்று காத்திருப்பதாலும் தீராது. வெளிச்சம், தூக்கம், சாப்பாடு, காபி என்ற நான்குக்கும் மணி குறித்துக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்க முடியும். அந்த நான்கிலும் முதலில் மணி குறிக்க வேண்டியது பகல் தூக்கத்துக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமைய வேண்டும்.

இங்கே சொல்லும் நேரங்கள் இரவு 10 முதல் காலை 6 வரையான ஷிஃப்டுக்கு. உங்கள் ஷிஃப்ட் ஒரு மணி முன்பின் இருந்தால் எல்லாவற்றையும் அதே அளவு நகர்த்திக்கொள்ளுங்கள்.

உடம்பு ஏன் முரண்டு பிடிக்கிறது

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் புள்ளிக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. உடம்பின் தாய்க் கடிகாரம் அதுதான். அணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதன் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தினமும் அதைத் திருத்தி வைப்பது கண்ணில் விழும் வெளிச்சம், அதிலும் முக்கியமாக நீலம் கலந்த வெளிச்சம்.

பகலில் நடமாடி இரவில் தூங்கும் ஒருவருக்கு உடல் வெப்பம் அதிகாலை 4, 5 மணிவாக்கில் மிகவும் தாழ்ந்திருக்கும். கண் சொக்குவதும் கை தடுமாறுவதும் அப்போதுதான் உச்சம். பிறகு வெப்பம் ஏற ஏற உடம்பு தானாக விழிக்கத் தொடங்கும். காலை எட்டுக்குப் படுக்கிறவர் இந்த ஏற்றத்தை எதிர்த்துத்தான் தூங்குகிறார். முதல் நாலு மணி நேரம் களைப்பு ஜெயிக்கிறது. களைப்பு தணிந்ததும் கடிகாரம் எழுப்பிவிடுகிறது.

இந்த வெப்பத் தாழ்வுக்கு முன்னால், அதாவது நள்ளிரவை ஒட்டி, கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிப்போடும், அதாவது தூக்கம் வரும் நேரம் தாமதமாகும். அதற்குப் பிறகு, காலை ஆறு ஏழு மணிக்குப் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். நைட் ஷிஃப்ட் ஆளுக்கு வேண்டியது தள்ளிப்போடுவது. ஆனால் இரவெல்லாம் தள்ளிவிட்டதை வீடு திரும்பும் வழியில் அடிக்கும் வெயில் இழுத்துப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. வருடக்கணக்கில் நைட் பார்த்தும் உடம்பு பழகாமல் போவதற்குப் பெரிய காரணம் இது. எல்லாம் சரியாகச் செய்தாலும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) எந்த வகை என்று பாருங்கள்

இரண்டு மூன்று இரவுகள் மட்டும் வந்து மறுபடி பகலுக்குத் திரும்பும் ரோஸ்டர் என்றால், கடிகாரத்தைத் திருப்ப முயலவே வேண்டாம். திரும்பி முடிப்பதற்குள் இரவுகள் முடிந்துவிடும். குட்டித் தூக்கத்தையும் காபியையும் வைத்து அந்த இரண்டு மூன்று இரவுகளைக் கடத்துவதுதான் சரி.

வருடம் முழுக்க நைட் என்றால் கடிகாரத்தைப் பாதி வழி நகர்த்தி அங்கேயே நிறுத்துங்கள். வேலை நாளில் காலை 8 முதல் மாலை 3 வரை தூக்கம். விடுமுறை நாளில் எல்லோரையும்போல இரவு பத்துக்குப் படுக்காமல், அதிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகல் 12க்கு எழுவது. இப்படிச் செய்தால் உடல் வெப்பத்தின் அடிமட்டம் மெல்ல நகர்ந்து காலை ஒன்பது, பத்து மணிக்கு, நீங்கள் படுக்கையில் இருக்கும் நேரத்துக்கு வந்துவிடும். வேலையிலும் கண் சொக்காது, விடுமுறையில் பிற்பகலும் மாலையும் குடும்பத்தோடு இருக்கும். நிரந்தர நைட் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எங்களுக்குத் தெரிந்து இல்லை.

வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும் ரோஸ்டர்தான் மிகக் கடினம். வியாழன், வெள்ளிக்குள் உடம்பு பாதி திரும்பியிருக்கும். திங்களன்று மறுபடி கலைப்பார்கள். இதில் முதல் இரண்டு இரவுகளைக் குட்டித் தூக்கத்தால் சமாளித்து, மூன்றாம் நாளிலிருந்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி, கடைசி நாளைத் திரும்பி வருவதற்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் படி: முதல் இரவுக்கு முந்தைய பகல்

வழக்கம்போலக் காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் கண் அசராமல், இரவு வேலைக்குப் போனால் ஷிஃப்ட் முடியும்போது 24 மணி நேரம் விழித்திருப்பீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்தவரின் வேகமும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்குக் குறைகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. 24 மணி நேரத்தில் அது 0.1 சதவீதத்துக்கு இணையாகிறது. பல நாடுகளில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவையே இது தாண்டிவிடும்.

அதனால் முந்தைய இரவு ஒரு மணி வரை விழித்திருந்து, காலையில் ஒன்பது வரை தூங்குங்கள். பிறகு மதியம் 2க்கும் 5க்கும் நடுவில் 90 நிமிடம் படுங்கள். அந்த நேரத்தில் உடம்பு இயல்பாகவே சற்றுத் தளர்ந்திருக்கும், தூக்கம் வரும். "சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு ஒரு தூக்கம் போட்டுக் கிளம்பலாம்" என்று திட்டம் போடாதீர்கள். வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் தூக்கம் பிடிப்பதற்கு மிகக் கடினமான நேரம். புதியவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். படுத்துப் புரண்டுவிட்டு, எரிச்சலோடு வேலைக்குப் போகிறார்கள்.

மூன்றாம் படி: வேலை நேரம்

வெளிச்சம். அதிகாலை 3 மணி வரை இருக்கும் விளக்கையெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தவரை வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள். கண் கூசுகிறது என்று அரையிருட்டில் உட்காருவது தூக்கத்தைக் கூப்பிட்டு உட்காரவைப்பது போல. நாலு மணிக்குப் பிறகு, வேலைக்குக் குந்தகம் இல்லையென்றால், வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

காபி. ஒரு கோப்பை காபியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் கஃபீன், டீயில் 30 முதல் 50 இருக்கும். ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாளில் 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு 200 போதும். மொத்தமாக இரண்டு கோப்பையை ஒரேயடியாகக் குடித்தால் ஒரு மணி நேரம் படபடப்பு, அப்புறம் சரிவு. பாதிக் கோப்பை வீதம் 10, 12, 1.30 என்று பிரித்துக் குடிப்பது நெடுநேரம் தாங்கும். கடைசிக் காபி அதிகாலை 2 மணி. கஃபீனில் பாதி கரைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அதுவே இரட்டிப்பாகலாம். ஐந்து மணிக்கு அலுப்பில் குடிக்கும் காபி எட்டு மணிக்கும் உடம்பில் இருந்துகொண்டு தூக்கத்தை மேலோட்டமாக்கும். "காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருமே" என்பார்கள். தூக்கம் வரலாம், ஆழம் குறைந்திருக்கும், சீக்கிரம் கலையும்.

குட்டித் தூக்கம். இடைவேளையில் படுக்க அனுமதி இருந்தால் 1க்கும் 3க்கும் நடுவில் 20 நிமிடம். அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள், கண்ணயர ஐந்து நிமிடம் ஆகும். 40, 50 நிமிடம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பப்படுவீர்கள். கால் மணி முதல் அரை மணி நேரம் வரை தலை மந்தமாக இருக்கும். நேரம் இருந்தால் ஒரு முழுச் சுற்று, அதாவது 90 நிமிடம். இல்லையென்றால் 20 நிமிடம். நடுவில் எதுவும் வேண்டாம். 1.30 மணிக் காபியைக் குடித்த கையோடு படுப்பது நல்ல உத்தி: கஃபீன் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்த பிறகே பொறுப்பான வேலையில் கை வையுங்கள்.

சாப்பாடு. முக்கிய உணவை வேலைக்குக் கிளம்புமுன், 7 அல்லது 8 மணிக்கே முடித்துவிடுங்கள். இரவில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதே சாப்பாடு பகலைவிட இரவில் ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். பன்னிரண்டு மணிவாக்கில் முட்டை, தயிர், பருப்பு, கொட்டை வகை, பழம் என்று சிறிதாக ஏதாவது. ஒன்றிலிருந்து ஆறு வரை தண்ணீர் மட்டும் போதும். பசி தாங்காவிட்டால் ஒரு பழம். நடுராத்திரியில் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் நெஞ்செரிச்சலும் அதிகாலை மூன்று மணிக்குச் சொக்கும் தூக்கமும் அதிகம். படுக்குமுன் லேசாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், பசி வந்து நடுவில் எழுப்பாமல் இருக்கும்.

3 முதல் 5 வரை. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979 மார்ச் 28 அதிகாலை நாலு மணிவாக்கில் தொடங்கியது. செர்னோபில் 1986 ஏப்ரல் 26 நள்ளிரவு தாண்டி 1.23க்கு. இரண்டுக்கும் இயந்திரக் கோளாறு, வடிவமைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எதிர்பாராதது நடக்கும்போது சரியாக யோசிக்க மனிதனுக்கு மிகவும் கடினமான நேரம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்டது என்பதை யாரும் மறுப்பதில்லை. கணக்கு, அளவு, மருந்து, மின்சாரம், கூர்மையான கருவி சம்பந்தப்பட்டதை இரண்டு மணிக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். தள்ளிப்போட முடியாததை வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யுங்கள். 0.5 என்பதை 5 என்று கண் படித்துவிடும். "பூஜ்யம் புள்ளி ஐந்து" என்று வாய் சொல்லும்போது தவறு பிடிபடும். இன்னொருவர் இருந்தால் அவரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதை ஐந்து மணிக்கு நினைவிலிருந்து தொகுக்காமல், அவ்வப்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

நான்காம் படி: வீடு திரும்பும் வழி

எட்டு மணி நேர வேலையைவிட இந்த அரை மணி நேரப் பயணம் ஆபத்தானது. கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று நாலு விநாடி தூங்கிவிடும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி என்பது ஏறத்தாழ 67 மீட்டர். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, சூயிங்கம் மெல்வது எதுவும் இதைத் தடுக்காது. கடந்துவந்த சந்திப்பு நினைவில் இல்லை, வண்டி கோட்டை விட்டு விலகுகிறது, தலை ஒரு முறை தொங்கி நிமிர்ந்தது: இவற்றில் ஒன்று நடந்தாலும் ஓரமாக நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து இரவுகள் இருக்கும் நாட்களில் பேருந்து, ரயில், நிறுவன வண்டி, சேர்ந்து போகும் வண்டி எதுவானாலும் சொந்தமாக ஓட்டுவதைவிட நல்லது. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிளம்புமுன் வேலையிடத்திலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டு வாருங்கள்.

காலை வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் பயணியாக வரும்போது மட்டும். ஓட்டுகிறவர் அணிந்தால் தூக்கம் கூடும். அவருக்கு வழியில் விழிப்பு முக்கியம். வெளிச்சக் கணக்கை வீட்டுக்குள் நுழைந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பகலில் இரவை உண்டாக்குவது

செலவழிக்க வேண்டிய பணமும் கவனமும் இந்த அறைக்குத்தான். ஒரு நாள் நண்பகலில் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்: திரையின் மேல் விளிம்பு, பக்கவாட்டு இடைவெளி, கதவின் அடிப்பகுதி, ஏசியிலும் சார்ஜரிலும் எரியும் சிறு விளக்குகள். நீட்டிய கையின் விரல்களை எண்ண முடிந்தால் அறை இன்னும் போதிய இருட்டில்லை. கனமான திரையைவிட முக்கியம் அது சுவரோடு ஒட்டியிருப்பது. ஜன்னலைவிட இருபக்கமும் 15 சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். திரை வாங்க முடியாவிட்டால் அட்டையை ஜன்னல் அளவுக்கு வெட்டி, அலுமினியத் தாளைச் சுற்றிப் பொருத்தலாம். கதவடியில் சுருட்டிய துணி. சிறு விளக்குகள் மேல் கறுப்பு டேப். வாடகை அறையில் எதுவும் ஒட்ட முடியாதவர்களுக்குக் கண்பட்டை போதும். இமையில் அழுந்தாமல் குழிந்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

சத்தத்துக்கு நுரை இயர்பிளக். பெரும்பாலானோர் அதைக் காதுக்கு வெளியே ஒட்டவைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். விரலால் மெல்லிய திரிபோல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் நுனியைப் பின்னும் மேலும் இழுங்கள். திரியை உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே உள்ளுக்குள் முழங்குவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அலாரம் கேட்காதே என்ற பயம் இருந்தால், அதிரும் கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். ஃபேன் அல்லது ஏசியின் ஒரே சீரான இரைச்சல் வெளியிலிருந்து வரும் சத்தங்களை மூடிவிடும். அறை சற்றுக் குளிர்ச்சியாக இருப்பது அவசியம், ஏனென்றால் அந்த நேரத்தில் உடம்பே சூடேறிக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டுப் படுத்தால் தோல் வழியாக வெப்பம் வெளியேறி உதவும்.

செல்போனை "தொந்தரவு செய்யாதே" நிலையில் போட்டு, இரண்டே எண்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். அதிலும் இரண்டாம் முறை அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். படுக்கையில் படுத்துக்கொண்டு திரையைப் பார்ப்பது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது உங்களுக்கே தெரியும்.

தூங்குவதற்காகக் குடிக்காதீர்கள். மது தூங்கவைக்கும், ஆனால் அதன் வேகம் குறைந்ததும் பிற்பாதித் தூக்கம் துண்டு துண்டாகும். பகல் தூக்கத்தில் ஏற்கெனவே பலவீனமான பகுதி அந்தப் பிற்பாதிதான்.

பன்னிரண்டு மணிக்கு விழித்துவிட்டால்? இருபது நிமிடம் இருட்டில் அப்படியே படுத்திருங்கள், மணி பார்க்காதீர்கள். தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சிறு வேலை பாருங்கள். பிறகு மாலை 5க்கு முன் இன்னொரு 90 நிமிடம் படுங்கள். காலையில் ஐந்தரை, மாலையில் ஒன்றரை என இரண்டாகப் பிரித்துத் தூங்குவதில் தவறே இல்லை. 24 மணி நேரத்துக்கு மொத்தம் ஏழு மணி நேரம் கணக்கு வந்தால் போதும்.

ஆறாம் படி: வீட்டில் பேசி முடிவு செய்வது

பகலில் வீட்டில் இருக்கிறவர் "சும்மா இருக்கிறார்" என்று எல்லோருக்கும் தோன்றும். கியாஸ் வந்தால் வாங்கிவை, பிள்ளையைக் கூப்பிட்டு வா, வங்கிக்கு ஒரு எட்டு போய் வா என்று தூக்கம் துண்டாடப்படும். மதியம் ஒரு மணிக்கு உங்களை எழுப்புவது மற்றவர்களை இரவு ஒரு மணிக்கு எழுப்புவதற்குச் சமம். ஒரு முறை உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் புரிந்துகொள்வார்கள். ரோஸ்டரை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி, தூங்கும் நேரத்தை ஒரு நிறத்தில் பூசுங்கள். எதற்கு எழுப்பலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: யாருக்காவது உடம்பு சரியில்லை, விபத்து, தீ. அவ்வளவுதான். குழந்தைகளுக்குக் கதவில் ஒரு படம் தொங்கவிட்டால் போதும். படம் தொங்கினால் அப்பா அல்லது அம்மா தூங்குகிறார் என்று நாலு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். பதிலுக்கு, தினமும் ஒரு வேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடும்படி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு வேலை முதலில் தூக்கத்தைத் தின்னும், அடுத்து உறவுகளை.

நேரமே நிச்சயமில்லாத வேலை என்றால்

நாளை எத்தனை மணிக்கு வேலை என்பதே இன்று மாலைதான் தெரியும் என்கிறவர்களுக்கு மேலே சொன்ன அட்டவணை பொருந்தாது. அவர்களுக்கு நங்கூரம் போல ஒரு தூக்கம் வேண்டும்: எந்த ஷிஃப்ட் வந்தாலும் மாறாத நாலு மணி நேரம். ரோஸ்டர்களை மூன்று வாரத்துக்கு அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் எந்த வேலையும் விழாத ஒரு நாலு மணி நேரம் கிடைக்கும், உதாரணமாகக் காலை 8 முதல் 12, அல்லது அதிகாலை 4 முதல் 8. அந்த நேரத்தில் தினமும் தூங்கி, மீதி மூன்று மணி நேரத்தை முன்னாலோ பின்னாலோ முடிந்தபோது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலு மணி நேரம் கடிகாரத்தை நிலையாகப் பிடித்துவைக்கும்.

பகலுக்குத் திரும்பும் நாள்

கடைசி இரவு முடிந்து வந்ததும் ஏழு மணி நேரம் தூங்கினால் அன்று ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள். காலை 8 முதல் 11.30 வரை தூங்கி எழுந்து, உடனே வெளியே வெளிச்சத்துக்குப் போங்கள். மாலையில் எங்கேயும் கண்ணயராமல் இரவு பத்துக்குப் படுங்கள். அந்த அரைநாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அன்று நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதையும் முக்கிய முடிவெடுப்பதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நோயும் மருந்தும்

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஷிஃப்ட் மாறும் முன்பே மருத்துவரிடம் புது நேரத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். "காலையில் ஒன்று" என்பது உங்கள் காலையா ஊராரின் காலையா என்ற குழப்பத்திலேயே பலர் ஒரு வேளை விடுகிறார்கள் அல்லது இரண்டு முறை போட்டுக்கொள்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு அது மனநிலையைச் சட்டென்று குலைக்கும். இவர்களும் கர்ப்பிணிகளும் நைட் ஷிஃப்டை ஒப்புக்கொள்வதற்கு முன் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். மெலட்டோனின் (தூங்கும் நேரத்தை உடம்புக்கு உணர்த்தும் ஹார்மோன்), தூக்க மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மெலட்டோனினைத் தவறான மணியில் எடுத்தால் கடிகாரம் எதிர்த்திசையில் நகரும்.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இலும் மறுபடி 2019இலும் இரவு வேலையை "புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பயந்து ஒடுங்க வேண்டியதில்லை, ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வருடம் ஒரு முறை பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வெயில் படாதவர்களுக்கு வைட்டமின் டி குறைவதும் சகஜம், அதையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் போதிய நேரம் ஒதுக்கியும் தூக்கமின்மையோ வேலையில் அடக்க முடியாத தூக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் கோளாறு. பலத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

மேலாளரிடம் கேட்க வேண்டியவை

ஷிஃப்ட் மாறும் திசையைக் கேளுங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறுவதை உடம்பு தாங்கும், ஏனென்றால் கடிகாரத்துக்குத் தள்ளிப்போவது எளிது. இரவு, மாலை, காலை என்று தலைகீழாக மாற்றுவது கடினம். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் குறைந்தது 11 மணி நேர இடைவெளி கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர விதியில் இது எழுதப்பட்டிருக்கிறது. தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் வேண்டாம், 20 நிமிடம் படுக்க ஒரு இடம் வேண்டும், ரோஸ்டர் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிய வேண்டும் என்பவையும் நியாயமான கோரிக்கைகளே. இரவுப் பணியாளர்களுக்குக் கட்டணமில்லாத உடல் பரிசோதனை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு 171ஆவது உடன்படிக்கை சொல்கிறது.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: ஷிஃப்ட் நேரம், படுத்த மணி, எழுந்த மணி, கடைசிக் காபி எத்தனை மணிக்கு, வேலையில் அல்லது வழியில் கண் சொக்கியது எத்தனை முறை. இடைவெளி குறைந்த நாட்களிலெல்லாம் தூக்கம் நாலு மணி நேரத்துக்குக் கீழே போயிருப்பது அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே தெரியும். மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அவர் முதலில் கேட்பது இதே நோட்டைத்தான்.